அம்மா சைவத்துக்கு மாறிட்டாங்க: மாக் மட்டன், தாவர பர்கர் எல்லாம் கறிக்கு ஈடாகுமா?

#1 செங்காங்_மலர்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயசு. சர்க்கரை, பிரஷர் ரெண்டும் இருக்கு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடறாங்க. தைப்பூச விரதத்துக்குப் பிறகு கறி, மீன், முட்டை எல்லாத்தையும் ஒரேயடியா விட்டுட்டாங்க. பால், தயிர் மட்டும் உண்டு. அது அவங்க விருப்பம், நான் குறுக்கே நிக்கல.

ஆனா கறி இருந்த இடத்துல இப்ப மாக் மட்டன், அதான் ஆட்டுக்கறி மாதிரியே செய்யற சைவத் துண்டு, வந்து உக்காந்திருக்கு. வாரத்துல பாதி நாள் மாக் மட்டன் பிரட்டல், இல்லன்னா அதுலயே குழம்பு. "கறிதானே விட்டேன், சத்து இதுலயே வந்துடும்"னு சொல்றாங்க. இன்னொரு பக்கம் மகன் தேசிய சேவைக்குப் போறதுக்கு முன்னாடி உடம்பைத் தேத்தறேன்னு ஜிம் போறான். அவனுக்கு வெளிநாட்டு தாவர பர்கர்தான் வேணுமாம், கொழுப்பு இல்லாத புரதம்னு யாரோ சொல்லியிருக்காங்க.

ஒரே வீட்டுல ரெண்டு பேர், ரெண்டு பேரும் கறிக்குப் பதிலா ஒண்ணைச் சாப்பிடறாங்க. இது உண்மையிலேயே கறிக்கு ஈடா? உப்பு, சர்க்கரை விஷயத்துல பயப்படணுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 ஈசூன்_இளவல்

அக்கா, உங்க மகன் சொல்றதுல பாதி சரி. இம்பாசிபிள்ங்கற அமெரிக்கக் கம்பெனியோட தாவர பர்கர் 2019 மார்ச்ல சிங்கப்பூருக்கு வந்தப்ப இருந்த அட்டைக் கணக்கைப் போடறேன், பக்கத்துலயே 20 சதவீதம் கொழுப்புள்ள மாட்டிறைச்சிக் கொத்துக்கறி. ரெண்டும் 113 கிராம், சமைக்காத எடை.

புரதம்: ரெண்டுலயும் 19 கிராம்.
கலோரி: தாவரம் 240, மாடு 290 அளவுல.
மொத்தக் கொழுப்பு: தாவரம் 14 கிராம், மாடு 23.
நிறைவுற்ற கொழுப்பு: தாவரம் 8 கிராம், மாடு 9.
கொலஸ்ட்ரால்: தாவரத்துல சுத்தமா இல்ல, மாட்டுல 80 மி.கி.
நார்ச்சத்து: தாவரம் 3 கிராம், மாட்டுல இல்ல.
சோடியம்: தாவரம் 370 மி.கி., மாடு 75.

புரதம் சமம், கொழுப்பு கம்மி, நார்ச்சத்து கூடுதல். உப்புதான் இடிக்குது, கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. நிறைவுற்ற கொழுப்பு இவ்வளவு இருக்கக் காரணம் தேங்காய் எண்ணெய். கடிக்கும்போது கறி மாதிரி நெய் கசியணும்னா சாதாரண வெப்பத்துல உறைஞ்சு நிக்கிற கொழுப்பு வேணும், அதுக்காகச் சேர்க்கறாங்க. பிறகு அந்தக் கம்பெனியே கலவையை மாத்தி 6 கிராமுக்குக் கொண்டுவந்தாங்க. தாவர பர்கர் செய்யற இன்னொரு கம்பெனி பியாண்ட் மீட், 2024ல அமெரிக்காவுல விட்ட புதுப் பதிப்புல அவகாடோ எண்ணெய் போட்டு 2 கிராமா இறக்கிட்டாங்க. அதனால போன வருஷம் படிச்ச கணக்கை இந்த வருஷப் பாக்கெட்டுக்குப் போடாதீங்க.

#3 தேக்கா_வாசகர்

இளவல் தந்த கணக்கு துல்லியமானது. ஆனால் அதை நம் வீட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. மேலைநாட்டுக் கட்டுரைகள் அனைத்தும் மாட்டிறைச்சி பர்கரையே எதிர்த்தட்டில் வைக்கின்றன. அங்கே அதுதான் அன்றாட உணவு. நம்மில் பலர் மாட்டிறைச்சியைத் தொடுவதே இல்லை. மலர் அவர்களின் அம்மா விட்டது எதை? கோழி, மீன், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. அவற்றோடுதான் ஒப்பிட வேண்டும்.

தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, சமைத்தது, 100 கிராமில் 31 கிராம் புரதம். நிறைவுற்ற கொழுப்பு 1 கிராம்தான். சோடியம் 74 மி.கி. வெள்ளாட்டுக்கறியும் பலர் அஞ்சுகிற அளவுக்குக் கொழுப்பானதன்று. சமைத்த 100 கிராமில் 27 கிராம் புரதம், 3 கிராம் கொழுப்பு. தேக்கா சந்தையில் கிடைக்கும் ஆஸ்திரேலியச் செம்மறியில் கொழுப்பு கூடுதல், வெட்டும் துண்டைப் பொறுத்து வெகுவாக மாறும்.

ஆகவே கொழுப்பு மிகுந்த கொத்துக்கறிக்குப் பதில் தாவர பர்கர் வந்தால் இதயத்துக்கு ஆதாயம். தோல் நீக்கிய கோழிக்குப் பதில் அதே பர்கர் வந்தால் புரதம் குறைகிறது, நிறைவுற்ற கொழுப்பும் உப்பும் ஏறுகின்றன. மீனுக்குப் பதில் வந்தால் ஒமேகா-3 கொழுப்பமிலங்களும் போய்விடுகின்றன. அவற்றைச் சோயாவோ பட்டாணியோ தராது. "எதற்குப் பதிலாக" என்று கேட்காமல் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல இயலாது.

#4 உணவியல்_அக்கா

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழியறேன். நான் மருத்துவமனையில் உணவியல் நிபுணரா வேலை பார்க்கறேன். மலர், உங்க அம்மா மாதிரி ஒருத்தரையாவது தினமும் பார்க்கறேன், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

முதல்ல மாக் மட்டன். பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் பாருங்க. எது எடையில் அதிகமோ அது முதல்ல வரும். பெரும்பாலும் தண்ணீர், அப்புறம் சோயாப் புரதம் அல்லது கோதுமைப் புரதம் அல்லது காளான் தண்டு, பிறகு எண்ணெய், உப்பு, சர்க்கரை, ஈஸ்ட் சாறுன்னு போகும். அந்த ரெண்டாவது இடத்துல என்ன இருக்குங்கறதுதான் முக்கியம்.

சோயா இருந்தா புரதத்தின் தரம் கறிக்குக் கிட்டத்தட்ட வந்துடும். பட்டாணி அதுக்கு அடுத்த படி. கோதுமைப் பசைன்னா அட்டையில் 20 கிராம் புரதம்னு போட்டிருந்தாலும் உடம்புக்கு அவ்வளவும் பயன்படாது, ஏன்னா அதில் லைசின்ங்கற அமினோ அமிலம் ரொம்பக் குறைவு. அதே லைசின் பருப்புல நிறைய இருக்கு. அதனால கோதுமைப் பசை மாக் மட்டனோட ஒரு கிண்ணம் பருப்பும் தட்டுல இருந்தா ஒண்ணோட குறையை ஒண்ணு அடைச்சிடும். காளான் தண்டு முதல் இடத்துல இருந்தா அதைப் புரதக் கணக்கிலேயே சேர்க்காதீங்க. பிஞ்சுப் பலாக்காயும் அப்படித்தான். நார் நாரா கறி மாதிரியே பிரியும், ஆனா 100 கிராமுக்கு 2, 3 கிராம் புரதம்தான் தேறும்.

அடுத்தது உப்பு. நாளைக்கு 2,000 மி.கி. சோடியம்தான் வரம்பு, அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு. 2022ல் எடுத்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வுல சிங்கப்பூரர்களோட சராசரி 3,620 மி.கி. ஏற்கெனவே கூடுதலா இருக்கிற இடத்துல, 100 கிராமுக்கு 400 மி.கி.யைத் தாண்டற பொருளை வாரத்துல பாதி நாள் சாப்பிட்டா பிரஷர் இருக்கறவங்களுக்கு அது நல்லதில்ல. மாக் மட்டன் வகைகள்ல அந்த அளவு சாதாரணமா வரும்.

மூணாவது, பலர் கவனிக்காம விடறது: வைட்டமின் பி12. தாவரத்துல இது இல்ல. சேர்த்தா உண்டு, இல்லன்னா இல்ல. இம்பாசிபிள் மாதிரி சில கம்பெனிகள் சேர்க்கறாங்க. நம்ம வாங்கற உறைய வைச்ச மாக் மட்டன்ல பெரும்பாலும் சேர்க்கறதில்ல. உங்க அம்மா பால், தயிர் சாப்பிடறதால கொஞ்சம் கிடைக்கும். ஆனா மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுத்தா பி12 உடம்புல சேர்றது குறையும், இது நல்லாத் தெரிஞ்ச விஷயம். சைவம் ஒரு பக்கம், மெட்ஃபார்மின் ஒரு பக்கம், வயசு ஒரு பக்கம். மூணும் சேர்ந்தவங்களை நான் விடாம கேக்கற கேள்வி: கால் விரல் மரமரன்னு இருக்கா? குறைபாடு இருந்தா கால் மரத்துப் போகும். வீட்டுல எல்லாரும் அது சர்க்கரையாலதான்னு நினைச்சுச் சும்மா இருந்துடுவாங்க.

#5 ஜூரோங்_அப்பா

இவ்வளவு கணக்கு எதுக்கு? தொழிற்சாலையில் செய்யற எதுவும் உடம்புக்கு ஆகாது. பாக்கெட் பின்னாடி இருபது சேர்மானம் எழுதியிருக்கு, பாதி வாயில நுழையல. அதி பதப்படுத்தின உணவு அது. தாவர பர்கர் சாப்பிட்டா மாரடைப்புன்னு 2024ல எல்லாப் பத்திரிகையும் எழுதினாங்களே. கறியே சாப்பிட்டுட்டுப் போகலாம். ஆட்டுல ஒரே சேர்மானம்தான், ஆடு.

#6 உணவுத்தொழில்_மாணவன்

அப்பா, நீங்க சொல்ற செய்தியோட மூல ஆய்வைப் படிச்சேன். பிரிட்டன்ல பல லட்சம் பேரோட உடல்நல விவரத்தைச் சேர்த்து வைச்சிருக்கிற உயிர்வங்கியோட (யூகே பயோபேங்க்) தரவை வைச்சுச் செஞ்சது. தாவர மூலத்திலிருந்து வர்ற அதி பதப்படுத்தின உணவு கூடக்கூட இதய நோய் அபாயம் கூடுதுன்னு வந்தது உண்மைதான். ஆனா அந்த "தாவர மூல" உணவுல எதெல்லாம் வருது தெரியுமா? ரொட்டி, கேக், பிஸ்கட், உருளைச் சிப்ஸ், இனிப்பு பானம். கறிக்கு மாற்றான பொருள்கள் அதுல வெறும் 0.2 சதவீதம். பத்திரிகைகள் பர்கர் படத்தைப் போட்டுச் செய்தியைக் கொடுத்தாங்க. பிஸ்கட் படம் போட்டிருந்தா நியாயமா இருந்திருக்கும்.

அதி பதப்படுத்தின உணவுங்கற வகைப்பாடு பிரேசில்ல, சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்துல கார்லோஸ் மொன்டேரோ குழு கொண்டுவந்தது. நோவான்னு பேர், உணவை எவ்வளவு பதப்படுத்தினதுன்னு பார்த்து நாலு பிரிவாப் பிரிக்கும், நாலாவதுதான் அதி பதப்படுத்தினது. தாவர பர்கர் நாலாவது பிரிவுதான், மறுக்கல. ஆனா நகெட், சாசேஜ், ஹாட்டாக்கும் அதே நாலாவது பிரிவு. அதுவும் பதப்படுத்தின இறைச்சியை உலகச் சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015ல முதல் பிரிவுல வைச்சிருக்கு, அதாவது புற்றுநோய் தரும்ங்கறதுக்குப் போதிய ஆதாரம் உண்டுன்னு. கோழி சாசேஜுக்கும் தாவர சாசேஜுக்கும் நடுவுல தேர்வு செய்யறவங்களுக்குப் "பதப்படுத்தினது"ங்கற வார்த்தை உதவாது.

ஆட்டுக்கறியை எதிர்த்தட்டுல வைச்சா அப்பா சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அமெரிக்காவுல ட்யூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ல தாவர பர்கரையும் புல் மேய்ந்த மாட்டிறைச்சியையும் மூலக்கூறு அளவில் ஒப்பிட்டாங்க. அட்டையில ரெண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கு. உள்ள போய்ப் பார்த்தா அளந்த 190 பொருள்ல 171 வேறுபட்டிருந்துச்சு. கிரியாட்டின், டாரின், கார்னோசின், ஆன்செரின் எல்லாம் கறியில மட்டும். ஃபீனால், தாவர ஸ்டீரால் வகையெல்லாம் தாவரத்துல அதிகம். இதனால எது மேல்னு அந்த ஆய்வு சொல்லல. ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திப் போடற பொருள் இது இல்லங்கறதுதான் அதோட முடிவு.

#7 ஈசூன்_இளவல்

கிரியாட்டின் விஷயம் ஜிம் போறவங்களுக்கு முக்கியம். சைவம் சாப்பிடறவங்களுக்குத் தசையில கிரியாட்டின் இருப்பு குறைவு, தனியாப் பொடியா எடுத்தா அவங்களுக்குப் பலன் நல்லாத் தெரியும். அக்கா, உங்க மகன் கோழி, முட்டை சாப்பிடறவன்தானே? அப்ப பர்கருக்கு எதுக்குக் காசு? கடையில ரெண்டு தாவர பர்கர் வாங்கற விலைக்குக் கிட்டத்தட்ட ஒரு முழுக் கோழி வந்துடும்.

#8 உட்லண்ட்ஸ்_தாயார்

சரி, ஆனா மனுஷங்க மேல சோதிச்சுப் பார்த்த ஆய்வு இருக்கா? அட்டையும் மூலக்கூறும் ஒரு பக்கம் இருக்கட்டும். சாப்பிட்டவங்களுக்கு என்ன ஆச்சு?

#9 உணவியல்_அக்கா

நல்ல கேள்வி. ரெண்டு ஆய்வு சொல்றேன். ரெண்டோட முடிவும் வேற வேற, அதனால ரெண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

முதலாவது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம், 2020ல் வெளிவந்தது. 36 பேர். எட்டு வாரம் கறி, எட்டு வாரம் தாவரக் கறி, ஆளே மாறாம உணவு மட்டும் மாறினது. தாவரக் கறி சாப்பிட்ட காலத்துல கெட்ட கொழுப்பு (எல்டிஎல்) ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல சுமார் 10 மி.கி. குறைஞ்சிருந்தது, எடையும் ஒரு கிலோ அளவு குறைவு. இதய நோயோட தொடர்புபடுத்தப்படற டிஎம்ஏஓங்கற பொருளும் குறைஞ்சது. பணம் கொடுத்தது பியாண்ட் மீட் கம்பெனி, அதையும் சேர்த்துச் சொல்லணும். எதிர்த்தட்டுல இருந்தது பெரும்பாலும் சிவப்பு இறைச்சி.

ரெண்டாவது நம்ம ஊர்லயே நடந்தது. ஏ-ஸ்டார்ங்கற அரசாங்க ஆராய்ச்சி அமைப்போட உணவு ஆராய்ச்சி நிலையத்துல செஞ்சு 2024ல் வெளியிட்டாங்க. சர்க்கரை வர வாய்ப்பு அதிகமுள்ள 89 சிங்கப்பூரர்கள், எட்டு வாரம். ஒரு குழுவுக்குக் கறி, இன்னொரு குழுவுக்கு அதே வகைத் தாவர மாற்று. கெட்ட கொழுப்புல ரெண்டு பக்கமும் குறிப்பிடும்படி மாற்றம் வரல. சர்க்கரைக் கட்டுப்பாட்டுலயும் ரத்த அழுத்தத்துலயும் கறி சாப்பிட்டவங்களுக்கே கொஞ்சம் சாதகமா இருந்துச்சு. தாவர மாற்று சாப்பிட்டவங்களுக்கு மாவுச்சத்தும் உப்பும் கூடுதலாப் போயிருந்தது. நார்ச்சத்தும் கூடத்தான் போச்சு, ஆனா அது மட்டும் போதல. பங்கேற்றவங்க எல்லாம் சீனர்கள், நம்மவங்க இல்ல, காலமும் எட்டு வாரம்தான். அதனால கறிதான் மருந்துன்னு இதை எடுத்துக்கக் கூடாது.

மலருக்கு இதுல பாடம் இருக்கு. கறியில மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்ல. கறித்துண்டு இருந்த இடத்துல மாவும் சர்க்கரையும் கலந்த துண்டு வருது, அதே அளவு சோறு தட்டுல அப்படியே இருக்குன்னா சர்க்கரை ஏறத்தான் செய்யும். துண்டை மாத்தறப்ப சோத்தையும் ஒரு கரண்டி குறைக்கணும்.

#10 கம்போங்_சமையல்காரர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கல்யாணத்துக்கெல்லாம் சைவ பிரியாணி போடறவன், மாக் மட்டன் கிலோக் கணக்குல ஓடும். சத்து பத்தி அக்கா சொல்றாங்க, நான் அடுப்புப் பக்கம் சொல்றேன்.

பாக்கெட்டைப் பிரிச்சு நேரா சட்டியில போடாதீங்க. கொதிக்கிற தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு வைங்க. தண்ணி தேயிலை நிறத்துக்கு மாறும், மேல நுரை கட்டும். அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, துண்டை ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வைச்சு ஒட்டப் பிழியுங்க. நாக்குல வைச்சுப் பார்த்தா உப்பு குறைஞ்சது தெரியும். அந்தக் கம்பெனி மசாலா வாடையும் போயிடும், அப்புறம் உங்க பட்டை, கிராம்பு, இஞ்சி பூண்டு உள்ள இறங்கும். பிழியாத துண்டு எந்த மசாலாவையும் வாங்காது.

உப்பைக் கடைசியில, அதுவும் பாதிதான் போடணும். பலபேர் ஆட்டுக்கறிக்குப் போடற உப்பையே இதுக்கும் போட்டுடறாங்க.

#11 ஜூரோங்_அப்பா

பாய் சொன்னதும்தான் கேக்கத் தோணுது. கோழிக்கு 74 மி.கி., பர்கருக்கு 370ன்னு சொல்றீங்க. பச்சைக் கோழியை யார் உப்பில்லாமத் தின்கறாங்க? கோழிக்கு நான் போடற உப்பைக் கணக்குல எடுத்தா ரெண்டும் ஒண்ணுதானே? அப்ப தாவரத்தைக் குறை சொல்றது நியாயமில்ல.

#12 உணவியல்_அக்கா

அப்பா, நியாயமான கேள்வி. உப்பு சேர்த்த பொருளை உப்பு சேர்க்காத பொருளோட ஒப்பிடறது முழுசாச் சரியில்லைதான். வறுத்த கோழி நகெட்டோட தாவர நகெட்டை வைச்சா உப்பு பல சமயம் சமமாவே வரும். ஆனா வித்தியாசம் யார் கையில உப்பு இருக்குங்கறதுல. பச்சைக் கோழின்னா சமைக்கிறவர் கையில. அம்மாவுக்கு மட்டும் கம்மியாப் போடலாம். மாக் மட்டன்ல அது ஏற்கெனவே உள்ள இருக்கு, அதை ஊறவைச்சுப் பிழிஞ்சு ஓரளவுதான் வெளியே எடுக்க முடியும், அதுக்கு மேல குழம்பு உப்பு வேற.

இன்னொண்ணு, 2027 நடுப்பகுதியிலிருந்து உப்பு, சாஸ், உடனடி மீ, சமையல் எண்ணெய் பாக்கெட்டுகளுக்கெல்லாம் நியூட்ரி-கிரேட் எழுத்து, அதாவது சத்துத் தரத்தைக் காட்டற ஏ முதல் டி வரையிலான குறி, வரப்போகுது. உறையவைச்ச மாற்றிறைச்சி அந்தப் பட்டியல்ல இல்ல. முன்பக்க எழுத்தை நம்பி வாங்கற பழக்கம் இதுக்கு உதவாது, பின்பக்கம்தான் பார்க்கணும். ஒரு துண்டுக்கு எவ்வளவுன்னு பார்க்காதீங்க, 100 கிராமுக்கு எவ்வளவுன்னு பாருங்க. ஒரு பரிமாறல்னு சில கம்பெனிகள் போடற அளவு நம்ம வீட்டுக் கரண்டிக்கு ஒத்து வராது.

#13 புக்கிட்_பாத்தோக்_மாமி

நான் பிறந்ததுலேருந்து சைவம். மலர், அம்மா முட்டை கூடத் தொடறதில்லன்னு சொன்னீங்களே, அதனால ஒண்ணு சொல்லணும். "வெஜிடேரியன்"னு போட்டிருந்தா போதும்னு நினைக்காதீங்கோ. குவார்ன்னு ஒண்ணு விக்கறாளே, அது பூஞ்சையிலேருந்து எடுக்கற புரதம், 1985லேருந்து பிரிட்டன்ல விக்கறா. நார்ச்சத்து நன்னா இருக்கும், ஆனா அதுல பல வகைகளைச் சேர்த்துப் பிடிக்கறதுக்கு முட்டை வெள்ளைக்கருதான் போடறா. வேற சில பண்டங்கள்ல பால் புரதம் இருக்கும். அம்மா பால் சாப்பிடறா, அது பரவாயில்லை. முட்டை அவாளுக்கு ஒத்துக்காதே.

சீனாளோட சைவக் கடைப் பண்டத்துல வெங்காயம், பூண்டு பெரும்பாலும் இருக்காது, பௌத்த வழக்கம் அப்படி. புரட்டாசி சனிக்கிழமைக்கு வெங்காயம் பூண்டு சேர்க்காதவாளுக்கு அது சௌகரியம்.

அப்புறம் இம்பாசிபிள்ல ரத்தம் மாதிரி சிவப்பா கசியறதே, அது மாட்டோடது இல்லை. சோயா வேர்ல இருக்கற ஒரு புரதம், அதை மரபணு மாற்றின ஈஸ்ட்ல வளர்த்து எடுக்கறா. சைவம்தான். மரபணு மாற்றினது வேண்டாம்னு நினைக்கறவா அவாவா தீர்மானிச்சுக்கணும்.

#14 உட்லண்ட்ஸ்_தாயார்

மாமி சொன்ன அந்தச் சிவப்புப் பொருள்ல இரும்புச்சத்து இருக்காமே? என் மகளுக்கு 15 வயசு, ரத்தசோகைன்னு மருத்துவர் சொல்லியிருக்கார். கறி வாடையே பிடிக்கல அவளுக்கு. தாவர பர்கர் கொடுத்தா இரும்பு ஏறுமா?

#15 உணவியல்_அக்கா

அட்டையில 4.2 மி.கி. இரும்பு போட்டிருக்கும், மாட்டிறைச்சியை விட அதிகம். அளவு வேற, உடம்பு எடுத்துக்கறது வேற. கறியில ரத்தச் சிவப்புப் பொருளோட சேர்ந்து இருக்கிற ஹீம் இரும்புல 15 முதல் 35 சதவீதம் வரை உடம்பு எடுத்துக்கும். தாவரத்தோட சாதாரண இரும்புல 2 முதல் 20 சதவீதம். அந்தப் பர்கர்ல ஹீம் வகையும் கொஞ்சம் இருக்கு, மற்ற தாவர மாற்றுகள்ல அதுவும் இருக்காது. சோயாவுல இருக்கிற ஃபைட்டேட்ங்கற பொருள் இரும்பைப் பிடிச்சு வைச்சுக்கும், துத்தநாகத்தையும் அப்படியே.

உங்க மகளுக்கு முதல்ல மருத்துவர் கொடுத்த மாத்திரை. உணவு அதுக்குத் துணை. பருப்பு, கீரை, மீல்மேக்கர் எது சாப்பிட்டாலும் கூடவே எலுமிச்சை பிழிஞ்சோ, கொய்யா ரெண்டு துண்டோ இருக்கட்டும். வைட்டமின் சி இரும்பைச் சேர்த்துவிடும். சாப்பிட்ட கையோட தே குடிக்கிற பழக்கம் இருந்தா அதை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்க. தேயிலைத் துவர்ப்பு தாவர இரும்பைத் தடுக்கும்.

#16 தேக்கா_வாசகர்

இவ்வளவு பேசிவிட்டு மீல்மேக்கரை ஒருவரும் முழுதாகச் சொல்லவில்லையே. லிட்டில் இந்தியாவில் எந்த மளிகைக் கடையிலும் பாக்கெட்டாகத் தொங்குகிறது. எண்ணெய் எடுத்த சோயா மாவை அழுத்திச் செய்தது. உலர்ந்த 100 கிராமில் ஏறக்குறைய 52 கிராம் புரதம், கொழுப்பு மிகச் சொற்பம், உப்புச் சேர்க்காதது. 40 கிராம் ஊறவைத்தால் ஒரு கிண்ணம் நிறையும், 20 கிராம் புரதம் கிடைக்கும். அதாவது இளவல் சொன்ன அந்தப் பர்கருக்குச் சமம். விலையோ சொற்பக் காசு. இதுவும் ஆலையில் செய்ததுதான், ஜூரோங் அப்பா அதையும் கவனிக்க வேண்டும். ஆனால் உப்பும் எண்ணெயும் நம் கையில் இருக்கின்றன.

ஈரச்சந்தையில் மலாய்க்காரர்கள் விற்கும் தெம்பேயும், அதாவது நொதிக்க வைத்துக் கட்டியாக்கிய சோயா அவரையும், அப்படியே. 100 கிராமில் 19, 20 கிராம் புரதம், உப்பு ஏறக்குறைய இல்லை, முழு அவரையாதலால் நார்ச்சத்தும் உண்டு. நொதித்திருப்பதால் ஃபைட்டேட்டும் குறைகிறது. இந்த ஊரில் நமக்கு வாய்த்த நல்ல உணவு அது. தமிழ் வீடுகளில் அதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். மிளகு சீரகம் அரைத்துப் பிரட்டினால் பிள்ளைகளும் உண்பார்கள்.

#17 உணவுத்தொழில்_மாணவன்

ஐயா சொன்னதுக்கு ஒரு சேர்க்கை. தெம்பேயில பி12 இருக்குன்னு இணையத்துல சுத்துது. நொதிக்கும்போது சில பாக்டீரியா சேர்ந்தா கொஞ்சம் உண்டாகலாம், அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. புரதத்துக்குத் தெம்பே, பி12க்குப் பால் அல்லது மாத்திரை.

#18 செங்காங்_மலர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கல.

உறைபெட்டியில இருந்த மாக் மட்டன் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். அக்கா சொன்ன மாதிரி முதல்ல தண்ணி, ரெண்டாவது கோதுமைப் புரதம், அடுத்து எண்ணெய். சோயா அதுக்கும் கீழ. சர்க்கரையும் இருக்கு. பி12ன்னு எங்கேயும் இல்ல. அம்மாகிட்ட கால் விரல் பத்திக் கேட்டேன். "ரொம்ப நாளா மரமரன்னுதான் இருக்கு, சர்க்கரைக்காரிக்கு அப்படித்தானே இருக்கும்"னு சாதாரணமாச் சொல்றாங்க. அதைக் கேட்டதும் மனசு பதறிடுச்சு. அடுத்த வாரம் பலதுறை மருந்தகத்துல (பாலிகிளினிக்) அவங்களுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கு.

அக்கா, ரெண்டு கேள்வி. பி12 பார்க்கச் சொல்லி நாங்களா கேக்கலாமா? அம்மா எடை 55 கிலோ, ஒரு நாளைக்கு என்ன சாப்பிட்டா புரதம் போதும்?

#19 உணவியல்_அக்கா

தாராளமாக் கேளுங்க. மெட்ஃபார்மின் எத்தனை வருஷமா எடுக்கறாங்க, எப்போ சைவத்துக்கு மாறினாங்க, கால் மரமரப்பு எப்போலேருந்து, இந்த மூணையும் மருத்துவர்கிட்ட சேர்த்துச் சொல்லுங்க. கடையில பி12 வாங்கி நீங்களா ஆரம்பிச்சிடாதீங்க, முதல்ல அளவு தெரியட்டும். மாத்திரையா ஊசியாங்கறதை அதை வைச்சு அவங்க சொல்வாங்க. மெட்ஃபார்மினையும் நீங்களா நிறுத்தக் கூடாது.

புரதம், அவங்க வயசுக்கு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். அப்ப 55 முதல் 66 கிராம். சிறுநீரகத்துல பாதிப்பு இருந்தா இந்தக் கணக்கு மாறும், அதையும் அதே நாள் கேட்டுடுங்க. சிறுநீரகம் சரியா இருந்தா ஒரு நாள் இப்படி வைச்சுப் பாருங்க: வெந்த பருப்பு ஒரு பெரிய கிண்ணம் 18 கிராம், மீல்மேக்கர் உலர்ந்தது 30 கிராம் போட்டா 15, தௌ குவா (கெட்டி டோஃபு) ஒரு துண்டு 13 அளவுல, பால் ஒரு குவளை 8, தயிர் ஒரு கிண்ணம் 7. அதுவே 61 வந்துடுச்சு. சோறு, இட்லியில வர்றது அதுக்கு மேல. பருப்புலயும் மாவுச்சத்து உண்டு, அதனால சோறு கால் தட்டைத் தாண்ட வேண்டாம்.

மாக் மட்டனை நிறுத்தச் சொல்லல. அம்மாவுக்கு அந்த ருசி பிடிச்சிருக்கு, கறியை விட்டவங்களுக்கு அது ஒரு ஆறுதல். வெள்ளிக்கிழமையோ விசேஷ நாளோ, பாய் சொன்ன மாதிரி ஊறவைச்சுப் பிழிஞ்சு, உப்பு பாதியாப் போட்டுச் செய்யுங்க, பக்கத்துல பருப்பு இருக்கட்டும்.

#20 கம்போங்_சமையல்காரர்

தங்கச்சி, மீல்மேக்கர் பலபேருக்குப் பிடிக்காமப் போறது பச்சை வாடையாலதான். கொதிச்ச தண்ணியில போட்டு, ஊறினதும் பிழிஞ்சு, மறுபடி பச்சைத் தண்ணியில அலசி இன்னொரு தடவை பிழியுங்க. பெரிய உருண்டைன்னா ரெண்டாக் கிள்ளிடுங்க. தயிர், மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு தடவி அரை மணி நேரம் வைங்க. எண்ணெய் கொஞ்சமா விட்டு, சோம்பு, கறிவேப்பிலை பொரிஞ்சதும் போட்டு, தீயைக் குறைச்சு ஓரம் முறுகற வரைக்கும் பிரட்டுங்க. உப்பைத் தயிர்லயே கொஞ்சம் சேர்த்தா போதும்.

#21 செங்காங்_மலர்

பாய், இன்னைக்கு ராத்திரியே செய்யப் போறேன். மகன்கிட்ட பர்கர் கணக்கையும் கோழிக் கணக்கையும் காட்டினேன், கோழியே போதும்னுட்டான். பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே எழுதறேன்.